மைதானமும் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கைதான்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் அமைப்பாளர்கள் கலந்துகொண்ட எமது சங்கக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்திருப்பீர்கள். சம்பளம், வேலைநாள், கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிற கிலோ, வீட்டுக் காணி என்று வரிசையாக இருக்கிறது. கடைசியில் "பிள்ளைகளின் விளையாட்டும் உடற்பயிற்சியும்" என்று ஒரு வரி. "வயித்துக்கே வழியக் காணோம், இதுல பந்து விளையாட்டு வேறயா?" என்று ஒரு தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். தோட்டத்துப் பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஓடி ஆடுவதை நிறுத்துகிறது என்றால் அதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. ஓடுவதற்கு இடம் இல்லை. நேரம் இல்லை. பெண்பிள்ளை என்றால் அனுமதியும் இல்லை. இந்த மூன்றையும் பாடசாலை தனியாக நின்று பெற்றுக் கொடுக்க முடியாது. இடம் கம்பனியின் கையில் இருக்கிறது. நேரம் வீட்டின் கையில் இருக்கிறது. அனுமதி ஊராகிய நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இதைச் சங்கத்தின் வேலை என்கிறோம்.

எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களைக் கட்டிளமைப் பருவத்தினர் என்று உலக சுகாதார நிறுவனம் வகுக்கிறது. நமது கணக்கில் சொன்னால், புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற பிள்ளையில் தொடங்கி உயர்தரம் முடிக்கிற பிள்ளை வரை. படிப்பை இடையில் விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போய்விட்ட பையனும், லயத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணும் இதில் அடக்கம்.

இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும்? 5 வயது முதல் 17 வயது வரை, சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. சும்மா அசைந்தால் போதாது, மூச்சு வாங்க வேண்டும், உடம்பு சூடேற வேண்டும். வாரத்தில் மூன்று நாட்களாவது இன்னும் கடினமாக ஓட, குதிக்க, இழுக்க வேண்டும். அப்போதுதான் தசையும் எலும்பும் பலப்படும். இந்த 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் பத்து, இடைவேளையில் பத்து, மாலையில் நாற்பது என்று சேர்த்துக்கொள்ளலாம்.

உலகம் முழுவதும் 11 முதல் 17 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளில் 100க்கு 81 பேர் இந்த அளவை எட்டுவதில்லை. இது 2016ஆம் ஆண்டுக்கான கணக்கு. ஆண்பிள்ளைகளில் 78 பேர், பெண்பிள்ளைகளில் 85 பேர். ஆக, இது மலையகத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஆனால் நகரத்துப் பிள்ளை அசையாமல் இருப்பதற்கான காரணம் வேறு, நமது பிள்ளைக்கான காரணம் வேறு.

"நம்ம புள்ளைங்க நடக்குதுங்கதானே?"

கூட்டங்களில் இதைப் பேசும்போதெல்லாம் வருகிற முதல் பதில் இது. மேல் கணக்கிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர் இறங்கி, திரும்ப மூன்று கிலோமீற்றர் ஏறுகிற பிள்ளைக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி என்று கேட்கிறார்கள்.

நடை நல்லதுதான். ஏற்றத்தில் நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை. அந்த நடையை நாம் குறைத்து மதிக்கவில்லை. நடந்தே வந்த மக்கள் நாம். 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்ததே, முன்னோர் நடந்து வந்த அந்தப் பாதையை நினைவுபடுத்தத்தான்.

ஆனால் இன்றைய நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை பாடசாலை வேனிலும் ஓட்டோவிலும் போய் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் போன். 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பாடத்துக்காக வீட்டுக்குள் வந்த போன், பாடசாலை திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை நடக்கிறது, விறகு சுமக்கிறது, தண்ணீர் தூக்குகிறது. அந்தப் பிள்ளையின் உடம்பு அசைகிறது, உண்மை. ஆனால் சுமப்பது விளையாட்டு ஆகாது. சுமக்கிற பிள்ளை தோளை இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு தனியாக நடக்கிறது. விளையாடுகிற பிள்ளை ஓடுகிறது, தாவுகிறது, பந்தைப் பிடிக்கிறது, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிறது. தோற்கப் பழகுகிறது, சண்டை போட்டுச் சமாதானமாகப் பழகுகிறது, குழுவாக நின்று ஒரு வேலையை முடிக்கப் பழகுகிறது. சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற நமக்கு இந்தப் பழக்கத்தின் அருமை தெரியாதா?

இன்னொன்று. தோட்டத்தில் நாற்பது வயதிலேயே முழங்கால் வலி, இடுப்பு வலி, பிரஷர், சீனி என்று டிஸ்பென்சரி வாசலில் நிற்பவர்கள் எத்தனை பேர்? பத்துப் பதினைந்து வயதில் உடம்பைப் பழக்கியவர்களுக்குப் பிற்காலத்திலும் அந்தப் பழக்கம் தொடர வாய்ப்பு அதிகம். எலும்பு பலப்படுகிற வயதும் இதுதான். நாளை மலையில் ஏறப்போகிற பிள்ளைக்கும், கடையில் நாள் முழுக்க நிற்கப்போகிற பிள்ளைக்கும், மேசையில் உட்கார்ந்து படிக்கப்போகிற பிள்ளைக்கும் அந்த எலும்பு வேண்டும்.

சோறு இல்லாமல் ஓட்டம் இல்லை

வயிற்றைப் பற்றிக் கேட்ட தலைவருக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது நமது இடைநிலை வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

காலையில் வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு வருகிற பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால் மயங்கி விழும். விளையாட்டு ஒருநாளும் சாப்பாட்டுக்குப் பதிலாக முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாடசாலை மதிய உணவு பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. உடம்பு வேகமாக வளர்கிற வயதில், தரம் 6இலிருந்து, பெரும்பாலான பாடசாலைகளில் அது இல்லை. பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, பைக்குள் போடுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். இரத்தச்சோகை உள்ள பிள்ளை சோம்பேறியாகத் தெரியும். உண்மையில் அது களைத்துப்போன பிள்ளை.

சம்பளப் போராட்டத்தை விட்டுவிட்டுப் பந்து விளையாடச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. சம்பளம் கேட்பதே பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்பதற்காகத்தான். எட்டு மணி நேர வேலை கேட்டு உலகத் தொழிலாளர்கள் போராடியபோது, எட்டு மணி நேரம் வேலைக்கு, எட்டு மணி நேரம் உறக்கத்துக்கு, மிச்சம் எட்டு மணி நேரம் நமக்கு என்றுதான் கணக்குப் போட்டார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் விளையாட்டும் இருந்தது. பிள்ளைகளுக்கோ அது சட்டப்படியான உரிமையாகவே இருக்கிறது. ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையைச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது.

இடம் எங்கே?

லயத்துக் காம்பரா பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் அடுப்பு, பெட்டி, பாய், பாட்டி, படிப்பு எல்லாம். இஸ்தோப்பில் கால் நீட்டினால் பக்கத்து வீட்டு வாசல். லயத்துக்கு வெளியே கான், அதற்கு அப்பால் தேயிலை. பிள்ளை எங்கே ஓடும்?

முன்பு பல தோட்டங்களில் பெரியதோ சிறியதோ ஒரு மைதானம் இருந்தது. மூத்தவர்களைக் கேட்டால், டிவிசனுக்கு டிவிசன் உதைபந்தாட்டப் போட்டி நடந்த கதையைச் சொல்வார்கள். இன்று அதே இடத்தில் சில தோட்டங்களில் தேயிலை நாற்று மேடை, சில இடங்களில் மரக்கறித் தோட்டம், சில இடங்களில் லொறி நிறுத்துகிற தரை. நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், நாற்று மேடையை ஆறு மாதத்தில் எடுத்துவிடுவோம் என்று வாயால் சொன்னார்கள். ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது. எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்பதற்கும் வழியில்லை. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மைதானம் பற்றிய எந்த வாக்குறுதியையும் கூட்டக் குறிப்பில் ஏற்றி, கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்தக் காணி கம்பனியின் சொந்தச் சொத்து என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அரச தோட்டங்கள் 1992இல்தான் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போயின. பிறகு 53 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. காணி அரசினுடையது. கம்பனி குத்தகைக்காரர். ஆகவே மைதானத்துக்காகத் தோட்ட முகாமையாளரிடமும் பேசலாம், பிரதேச செயலகத்திலும் பேசலாம்.

அடுத்தது பிரதேச சபை. "தோட்டத்துக்குள்ள நாங்க செலவு பண்ண முடியாது" என்று சபைகள் பல காலமாகச் சொல்லி வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டக் குடியிருப்புகளிலும் சபை தன் நிதியில் வேலை செய்யலாம். அம்பகமுவ, நுவரெலியா சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று சபைகள் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டன. இந்தச் சபைகளுக்கு நாமே வாக்களித்து ஆட்களை அனுப்பியிருக்கிறோம். மைதானத்தைச் சமப்படுத்த, மண் சரியாமல் கல்கட்டு வைக்க, கான் வெட்ட ஒரு மனுக் கொடுத்தால் என்ன?

"மலையில மட்டமான இடம் ஏது?" என்று அடுத்த கேள்வி வரும். உதைபந்தாட்டத்துக்கு நூறு மீற்றர் நீளம் வேண்டும், சரி. கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும். நமது நாட்டின் தேசிய விளையாட்டே கரப்பந்தாட்டம்தான். கபடிக்கு அதைவிடக் குறைந்த நீளம் போதும். கயிறடிக்க ஒரு வாசல் போதும். கொழுந்து மடுவத்துக்கு முன்னால், பிரட்டுக்களத்தில், கோவில் வாசலில், கலாசார மண்டபத்தில் என்று நாம் ஏற்கெனவே சமப்படுத்திய இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. மேற்குப் பக்கத் தோட்டங்களில் மே மாதம் தொடங்கி மாதக்கணக்கில் மழை பெய்கிறது. அப்போது மண்டபம்தான் மைதானம். கும்மியும் கோலாட்டமும் மூச்சு வாங்க வைக்கிற ஆட்டங்களே. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிற இளைஞன் விடிய விடிய ஆடுகிறான். அதைவிடக் கடினமான பயிற்சி எது? நமது கலையில் இருக்கிற அந்த ஆட்டத்தையும் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கப் பழக்கலாம்.

பெண்பிள்ளைகள்

தோழியரே, இது முக்கியமாக உங்களுக்கு. உங்களைவிட முக்கியமாகத் தோழர்களுக்கு.

பாடசாலையில் தரம் 6, 7இல் பெண்பிள்ளைகள் மான்குட்டி மாதிரி ஓடுகிறார்கள். வலைப்பந்துக்கு ஏழு பேர் வேண்டும் என்றால் இருபது பேர் கை தூக்குகிறார்கள். தரம் 9க்கு வரும்போது அணிக்கு ஏழு பேரைச் சேர்க்கவே வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? பிள்ளை வயதுக்கு வந்தது. சடங்கு வைத்தோம், மேளம் வைத்தோம், சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டோம். அதன் பிறகு, "பெரிய புள்ள ஆயிட்ட, இனி என்ன குதிச்சுக்கிட்டு?" என்று ஒரே வார்த்தையில் ஓட்டத்தை நிறுத்திவிட்டோம்.

வெளியே சொல்லாத காரணங்களும் இருக்கின்றன. மாதவிலக்கு நாளில் பாடசாலையில் துணி மாற்ற இடம் இல்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை. நப்கின் வாங்கக் காசு இல்லை. 2024இல் கிராமப்புற, தோட்டப்புறப் பாடசாலை மாணவிகளுக்கு அரசு 1,200 ரூபா நப்கின் வவுச்சர் கொடுத்தது. தேவை இருப்பதை அரசே ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி. அந்த உதவி தொடர்ந்து கிடைக்கிறதா என்று நாம் கண்காணிக்க வேண்டும். இன்னொரு காரணம் உடை. அரைக்காற்சட்டை போட்டால் ஊர் பேசும் என்று பயப்படுகிறார்கள். முழு நீள விளையாட்டுக் காற்சட்டையும் தளர்வான சட்டையும் போட்டு விளையாடட்டும். உடையைக் காட்டி ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். இன்னொன்று வழியில் வருகிற கேலி. மைதானத்திலிருந்து லயத்துக்குப் போகும் வழியில் பாலத்தில் உட்கார்ந்து கேலி பேசுகிற பையன்களுக்குப் பொறுப்பு யார்? அந்தப் பையன்களும் நமது வீட்டுப் பையன்கள்தான். பெண்பிள்ளையை வீட்டுக்குள் பூட்டுவதை விடப் பையனைக் கூப்பிட்டுக் கண்டிப்பது சுலபம்.

இன்னொன்றும் உண்டு. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வர ஐந்து மணி. அந்த மூன்றரை மணி நேரமும் மகள் தண்ணீர் பிடிக்கிறாள், சோறு வடிக்கிறாள், தம்பிக்குக் கால் கழுவுகிறாள். அதே வீட்டில், அதே வயதில் இருக்கிற மகன் பந்தை எடுத்துக்கொண்டு போகிறான். மகனும் பானையைக் கழுவினால், அப்பாவும் தண்ணீர் பிடித்தால், மகளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். மகளின் அந்த ஒரு மணி நேரத்துக்காகத் துரையிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. நமது வீட்டு ஆண்களிடம் கேட்டால் போதும்.

வழியும் இருக்கிறது. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தாய்மாருக்குக் கயிறிழுத்தல் வைக்கிறோமே, நாள் முழுக்கக் கூடை சுமக்கிற கைகள் கயிற்றைப் பிடித்தால் எதிர்ப்பக்கம் நிற்க முடிகிறதா? அன்று தாய்மார் சிரிக்கிற சிரிப்பை வருடம் முழுக்கப் பார்க்க முடியாது. அந்த ஒருநாள் சிரிப்பை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆக்குங்கள். அம்மா மைதானத்தில் நின்றால் மகளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

பாடசாலையில் செய்ய வேண்டியவை

முதலாவது, உடற்கல்விப் பாட நேரத்தைப் பிடுங்கக் கூடாது. சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 6 முதல் 9 வரை கட்டாயப் பாடம். ஆனால் கணிதப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் கை வைப்பது அந்த நேரத்தில்தான். தரம் 10இல் அது விருப்பப் பாடமாகிவிடுவதால், வேறு பாடம் எடுத்த பிள்ளைக்கு மைதானத்தோடு தொடர்பே அறுந்துவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு வருடமும் பாடசாலை, டியூசன், வீடு என்று மூன்று இடங்களிலும் பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறது. நாளுக்கு இருபது நிமிடம் ஓடினால் பெறுபேறு குறைந்துவிடாது. நன்றாக மூச்சு வாங்கி ஓடிவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் தூங்காமல் கவனிக்கிறது என்பதை எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, விளையாட்டை எல்லோருக்கும் ஆக்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் இரண்டு வாரம் பயிற்சி. முப்பது பேர் ஓடுகிறார்கள், முந்நூறு பேர் கை தட்டுகிறார்கள். வென்றவர்கள் கோட்டம், வலயம், மாகாணம் என்று போகிறார்கள். போகட்டும், நமக்குப் பெருமைதான். நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் பெயர் எடுத்த குமார் சண்முகேஸ்வரனைப் போல இன்னும் பலர் மலையகத்திலிருந்து வர வேண்டும். ஆனால் கை தட்டிய முந்நூறு பேருக்கும் உடம்பு இருக்கிறது. குண்டாக இருக்கிற பிள்ளை, இழுப்பு உள்ள பிள்ளை, கால் ஊனமான பிள்ளை, ஓடினால் கடைசியாக வருகிற பிள்ளை, இவர்களும் ஆடக்கூடிய ஆட்டம் வேண்டும். கிளித்தட்டு, கிட்டிப்புள், எல்லே, கயிறடித்தல் எல்லாவற்றிலும் எல்லோருக்கும் இடம் உண்டு. நோய் உள்ள பிள்ளையை ஒதுக்கி உட்கார வைப்பதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் அளவோடு விளையாடலாம் என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது, ஓட்டத்தைத் தண்டனையாக்கக் கூடாது. பிந்தி வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடு, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் தோப்புக்கரணம் போடு என்கிற வழக்கம் சில பாடசாலைகளில் இன்னும் இருக்கிறது. அப்படி ஓடுகிற பிள்ளை ஓட்டத்தை வெறுக்கத்தான் செய்யும்.

நான்காவது, பாடசாலை விட்ட பிறகு மைதானத்தின் படலையைப் பூட்டக் கூடாது. மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பொறுப்புக்கு யார் என்று அதிபர் கேட்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர், மாதர் தலைவி ஒருவர் என்று முறை வைத்து நிற்கட்டும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

படிப்பை விட்ட பிள்ளைகளைப் பாடசாலையால் எட்ட முடியாது. அவர்களை எட்டக்கூடியது இளைஞர் கழகம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கழகங்களில் 13 வயதிலிருந்து 29 வயது வரை சேரலாம். பதிவு செய்த கழகமாக இருந்தால் பிரதேச செயலகத்தில் இருக்கிற விளையாட்டு உத்தியோகத்தரிடம் போய்ப் பந்து கேட்கலாம், வலை கேட்கலாம், பயிற்றுநரைக் கேட்கலாம். பதிவு இல்லாமல் போனால் "அடுத்த முறை பார்ப்போம்" என்பார்கள். எந்தத் தோட்டத்தில் கழகம் இருக்கிறது, எதில் பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது என்று நாம் கணக்கெடுக்க வேண்டும்.

தனிவீட்டுத் திட்டங்களிலும் கவனம் வேண்டும். 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா என்று வீட்டுக் காணிக்காகப் பேசுகிறோம். அந்தப் பேச்சிலேயே, பிள்ளைகள் ஓடுவதற்குப் பொதுவாக ஒரு துண்டு நிலத்தைத் திட்டப் படத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். வீடுகள் கட்டி முடிந்த பிறகு கேட்டால் மிஞ்சியிருப்பது சரிவும் கானும்தான்.

மாலையில் போக இடம் இல்லாத பையன் எங்கே போகிறான் என்று உங்களுக்குத் தெரியும். பாலம், பெட்டிக்கடை, அங்கிருந்து பாபுல், பிறகு அதைவிட மோசமானது. மைதானம் ஒன்று வந்துவிட்டால் இதெல்லாம் மறைந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் ஐந்து மணிக்குத் தன்னைத் தேடி நான்கு பேர் வருவார்கள் என்று தெரிந்த பையனுக்குப் போக ஓர் இடமாவது இருக்கிறது.

தீர்மானங்களாக முன்வைப்பவை

ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிற, இருந்த மைதானங்களின் கணக்கை எடுப்போம். நீளம், அகலம், இப்போது அதில் என்ன இருக்கிறது, எந்த வருடத்திலிருந்து என்று எழுதுவோம். மூத்தவர்களிடம் கேட்டே எழுதுவோம்.

இரண்டு: தோட்ட முகாமையாளரோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் மைதானத்தை ஒரு கோரிக்கையாக வைப்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம்.

மூன்று: பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் தோட்ட மக்களின் கையெழுத்தோடு மனுக் கொடுப்போம். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் தயாராவதற்கு முன்பே கொடுப்போம்.

நான்கு: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தலைவர்களும் தலைவிகளும் கட்டாயம் போவோம். உடற்கல்வி நேரம், மாணவிகளுக்கான கழிவறையும் தண்ணீரும், மாலையில் மைதானம் திறப்பது, இடைநிலைப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு என்று நான்கையும் அங்கே கேட்போம்.

ஐந்து: மாதர் சங்கம் ஒவ்வொரு டிவிசனிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தாய்மாரும் மகள்மாரும் சேர்ந்து விளையாட ஏற்பாடு செய்யும். வலையும் பந்தும் வாங்குகிற செலவைத் தோட்டக் கமிட்டி ஏற்கும்.

தோழர்களே, தோழியரே, இவற்றில் இரண்டும் மூன்றும் நடக்கக் காலம் எடுக்கும், இழுபறி வரும். நமக்கு அது புதிதில்லை. ஆனால் ஐந்தாவது தீர்மானத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மைதானக் கணக்கை எழுதிய தாளைக் கொண்டு வாருங்கள். அதன் கீழே, தரம் 9க்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அந்த மாதத்தில் விளையாட வந்தார்கள் என்றும் எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.